கால்நடை வண்டி ஏறிய கதை



போன வாரம் என் தங்கை மகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வைக்கோலும் தேங்காய் மட்டையும் ஏற்றிக்கொண்டிருந்த பழைய டிராக்டர் டிரெய்லர். பக்கப் பலகை ஒன்றும் இல்லாத வெறும் தட்டு. அதைப் பட்டறையில் விட்டு, துருப்பிடித்த தளத்தைப் பெயர்த்துப் புதுத் தகடு அடித்து, சுற்றிலும் நான்கடி உயரத்துக்கு இரும்புக் குழாய் வைத்து, பச்சை பெயின்ட் பூசியிருக்கிறான். கீழே ஒரு வரி: "மாமா, மாட்டு வண்டி ரெடி. சித்திரைச் சந்தைக்கு இதுலதான் போறோம். எப்படி இருக்கு?"

பட்டறைக்காரர் யார் என்று பார்த்தால், அவரும் என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்தவர்தான். அவரும் தனியாக அதே படத்தை அனுப்பி, "சார், நம்ம வேலைதான்" என்று எழுதியிருந்தார்.

"நன்றாக இருக்கிறது" என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். படத்தில் அந்தத் தளம் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த மினுக்கம் எனக்கு 1984-லிருந்து தெரியும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு சொல். ஆடு மாடுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "கால்நடை". காலால் நடப்பது. நெல்லையும் பருத்தியையும் யாராவது சுமக்க வேண்டும். மாடு தன்னைத்தானே சுமந்துகொண்டு வரும். மனிதன் மாட்டை வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, அண்மையில் சில தலைமுறைகளுக்கு முன்பு வரை, மாடு சந்தைக்குப் போனது நடந்துதான்.

நம் கொங்கு நாட்டில் இது எப்படி நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த காங்கேயம் காளைகளைக் கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் இரவில் ஓட்டிக்கொண்டு போவார்கள். பகல் வெயிலில் மர நிழலில் கட்டிப்போட்டுத் தண்ணீர் காட்டுவார்கள். தார் ரோடும் கல் ரோடும் குளம்பைத் தேய்க்கும் என்பதால் வண்டிமாடுகளுக்கு லாடம் அடிப்பார்கள். இந்த லாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாத இடம் ஒன்றே ஒன்று உண்டு, கடல். ஆகவே உலகத்தில் விலங்குகளுக்கான முதல் "வண்டி" என்று சொன்னால் அது கப்பல்தான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோவும், அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலில் வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை இங்கே செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். விலை கொடுத்து வாங்குவது ஒரு வேலை, உயிரோடு வைத்துக்கொள்வது வேறு வேலை.

நிலத்தில் மாட்டை முதன்முதலாகப் பெரிய அளவில் சக்கரத்தின் மேல் ஏற்றியது ரயில். அமெரிக்காவில் டெக்சாஸ் மாடுகளைக் கூட்டம் கூட்டமாக வடக்கே கான்சாஸ் வரை நடத்திக்கொண்டு வந்து, அங்கே ரயிலில் ஏற்றிச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். சிகாகோவின் மாபெரும் கால்நடைச் சந்தை வளாகம் 1865 கிறிஸ்துமஸ் அன்று திறக்கப்பட்டது. பெட்டிக்குள் மாடுகள் நெருக்கமாக நின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை அதன்மேல் மிதித்தன. தண்ணீர் இல்லாமல் எடை குறைந்தது. 1873-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: 28 மணி நேரத்துக்கு மேல் விலங்குகளைப் பெட்டியில் அடைத்து வைக்கக்கூடாது, இறக்கித் தண்ணீரும் தீனியும் ஓய்வும் கொடுக்க வேண்டும். 28 மணி நேரம் என்பதே நமக்குக் கொடுமையாகத் தெரிகிறது. அதற்கு முன் அந்த அளவுக்குக்கூடத் தடை இல்லை.

ரயிலுக்குப் பிறகு லாரி வந்தது. லாரி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாது, சந்தைக்கே வரும், தோட்டத்துக்கே வரும். அதன் பின்னால் டிராக்டர் டிரெய்லர் வந்தது. இங்கேதான் சிக்கல். ரயில்வேயில் மாட்டுக்கென்று தனிப் பெட்டிகள் இருந்தன. லாரியும் டிரெய்லரும் மூட்டைக்கும் கல்லுக்கும் செய்தவை. மூட்டை நகராது. நிற்கும் மாடு நகரும். அதன் கனம் தரையில் இல்லை, நம் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கிறது. வண்டி திரும்பும்போது அந்தக் கனம் முழுவதும் ஒரு பக்கம் சாயும். மாடு காலை மாற்றி ஊன்றித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஊன்றுவதற்குப் பிடிப்பு வேண்டும்.

இனி 1984.

எங்கள் ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே. அந்தச் சித்திரையில் அப்பா கண்ணபுரம் சந்தைக்குப் போய் ஒரு சோடி மயிலைக் காளை வாங்கினார். அம்மாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போய் வந்த காளைகள். வண்டிக்குப் பழகியவை, லாடம் அடித்தவை. நானும் கூடப் போயிருந்தேன். மறுநாள் காலை நான் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயாக வேண்டும்.

அப்பா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "பொழுது சாய ஓட்டுனா ரெண்டு ராத்திரில ஊடு போய்ச் சேந்துரலாம் கண்ணு. நடந்தா மாடு பாதையப் பழகிக்கும், நம்மளையும் பழகிக்கும்."

எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பருத்திக்கொட்டை மூட்டை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பிக்கொண்டிருந்தார். "மூணு மணி நேரத்துல போயிரலாம்ப்பா, இந்தக் காலத்துல யாரு நடத்துறாங்க" என்றேன். படித்த மகன் சொல்கிறான், வேலைக்குப் போகிற மகன் சொல்கிறான் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

டிரெய்லரை ஒரு மண்மேட்டில் ஒட்டி நிறுத்தி இரண்டையும் ஏற்றினோம். தளம் தகடு. மூட்டை இழுத்து இழுத்து வழவழவென்று தேய்ந்த தகடு. மூக்கணாங்கயிற்றை முன்கம்பியில் இறுக்கிக் கட்டினோம். கீழே வைக்கோல் ஒரு கைப்பிடி கூடப் போடவில்லை. வைக்கோல் விலைக்கு இருந்தது, நான்தான் "எதுக்குங்கப்பா, ரெண்டு மணி நேரம்தானே" என்றேன். மூன்று மணி நேரம் அதற்குள் இரண்டாகிவிட்டது.

வழியில் இரண்டும் சிறுநீர் கழித்தன. இரும்புத் தகடு, அதன்மேல் ஈரம், அதன்மேல் இரும்பு லாடம். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது, டிராக்டர்காரர் பிரேக் போட்டார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. வலப்பக்கக் காளைக்கு நான்கு காலும் ஒரே நேரத்தில் வழுக்கிவிட்டது. விழுந்தது. மூக்கணாங்கயிறு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டது. எழ முயன்று முன்னங்காலைப் பக்கக் கம்பிக்கும் தளத்துக்கும் நடுவே கொடுத்துவிட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனம் இல்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அவ்வளவு கனமுள்ள காளைக்கு அந்த எலும்பு கூடாது என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது நாள் புளியமரத்தடியில் கிடந்தது. அப்பா தினமும் இரண்டு முறை ஆட்களைக் கூப்பிட்டுப் புரட்டிப் படுக்கவைத்து, கையால் தீனி கொடுத்தார். இருபதாம் நாள் போய்விட்டது. மற்றக் காளை வேறு சோடியோடு நுகத்தில் நிற்கவில்லை. ஆடியில் வந்த விலைக்குக் கொடுத்தோம். வளையல் திரும்பி வரவே இல்லை. அப்பா என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதன் பிறகு எந்த மாட்டையும் வண்டியில் ஏற்றியதும் இல்லை.

இதை இத்தனை வருடம் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், பின்னால் எனக்குத் தெரியவந்த ஒரு செய்தி.

நம் மதுரையில் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை எல்லோருக்கும் கலாக்ஷேத்திராவை நிறுவியவராகத் தெரியும். 1952-ல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது விலங்குகளின் துன்பம். விலங்கு வதைக்கு எதிராகத் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். தேவையில்லாத வலி உண்டாகும்படி விலங்கை வண்டியில் கொண்டுபோவதும் அதன்படி குற்றம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் கீழ் 1978-ல் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவற்றை வரிவரியாகப் படித்தேன். லாரியில் மாடு ஏற்றினால் தளத்தில் வழுக்காமல் இருக்கத் தேங்காய் நார் விரிப்போ மரப்பலகையோ இருக்க வேண்டும். பக்கச் சட்டம் தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். ஒரு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. கூடவே கவனிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். வேறு சரக்கு ஏற்றக்கூடாது. மிரளாமலும் அடிபடாமலும் இருக்க மாடு கூடுமானவரை என்ஜினைப் பார்த்து நிற்க வேண்டும். ரயிலுக்கும் கணக்கு உண்டு: அகலப் பாதைப் பெட்டிக்குப் பத்து, மீட்டர் கேஜ் பெட்டிக்கு ஆறு.

தேங்காய் நார் விரிப்பு அல்லது மரப்பலகை. நம் ஊரில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? நான் எங்கள் காளையை ஏற்றியபோது அந்த விதி வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குச் சட்டங்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொன்ன வரலாற்று ஆசிரியன் நான். எனக்கு அது தெரியாது. எனக்கு முன்னால் எத்தனையோ மாடு விழுந்ததால் யாரோ எழுதிவைத்த வரி, என் கைக்கு வந்து சேரவில்லை. நானும் தேடவில்லை.

மாப்பிள்ளை, உன் கைக்காவது வந்து சேரட்டும் என்று எழுதுகிறேன். நம்ம பட்டறைக்காரரும் சேர்த்துப் படிக்கட்டும்.

முதலில் தளம். அந்தப் புதுத் தகட்டின் மேல் அப்படியே மாட்டை நிறுத்தாதே. குறுக்கு வாட்டில் மரப்பலகை அடித்து, அதன்மேல் நார் விரிப்பும் வைக்கோலும் போடு. ஆடு ஏற்றினால் வைக்கோல் குறைந்தது 5 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. பலகைக்கு நடுவே குளம்பு மாட்டும் அளவுக்கு இடைவெளி விடக்கூடாது. நீர் வடிய மட்டும் வழி இருந்தால் போதும்.

இரண்டாவது, ஏறும் பலகை. படத்தில் அது இல்லவே இல்லை. மண்மேட்டை நம்பியிருக்கிறாய் போலிருக்கிறது. இறக்கும் இடத்தில் மேடு இல்லாவிட்டால் மாடு குதிக்க வேண்டியதுதான். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க மதிக்கப்படுபவர் டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அம்மையார். 1947-ல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். மாடு எதைப் பார்த்து மிரள்கிறது என்று மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து நடந்து பார்த்தவர். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், இருட்டு வாசல், மின்னும் தகடு, இவைதான் மாட்டை நிறுத்துகின்றன என்று காட்டினார். நிலையான ஏற்றுமேடையின் சாய்வு 20 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் சொல்லும் கணக்கு. உன் டிரெய்லர் தளம் மூன்றடி உயரம் என்றால், அந்தச் சாய்வுக்கு ஏறக்குறைய ஒன்பதடிப் பலகை வேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் குளம்பு பிடிக்கும்.

மூன்றாவது, ஏற்றும் முறை. உன்னுடையது இரண்டு சக்கர டிரெய்லர். டிராக்டரோடு மாட்டாமல் பின்பக்கம் ஒரு மாட்டை ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முதலில் டிராக்டரோடு மாட்டு, பின்பக்கத்தின் அடியில் இரண்டு முட்டுக் கொடு, சக்கரத்துக்குக் கல் வை, பிறகு ஏற்று. கயிற்றைக் கழுத்தில் போட்டுக் கட்டு. மூக்கணாங்கயிற்றில் கட்டாதே.

நான்காவது, தடுப்பும் எண்ணிக்கையும். மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் ஒரு திருத்தம் வந்து 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கால்நடை ஏற்றும் வண்டியில் நிலையான தடுப்புகள் இருக்க வேண்டும், ஒவ்வொரு விலங்கும் தனித்தனியாக நிற்க வேண்டும். மாட்டுக்கும் எருமைக்கும் 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25, பன்றிக்கு 0.6, ஆட்டுக்கு 0.3. இப்போது கணக்குப் போடு. உன் தட்டு பன்னிரண்டுக்கு ஆறடி, 72 சதுர அடி. மீட்டர் கணக்கில் 6.7-க்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மாடு. நீ போனில் "அஞ்சு நிக்கும் மாமா" என்றாய். நிற்கும். திரும்பும்போது நிற்காது. ஆடு என்றால் இருபத்திரண்டு.

கடைசியாக, காகிதம். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கால்நடை வண்டிக்கென்று தனி உரிமமும் 2015 திருத்தத்தில் உண்டு. வெல்டிங் முடிவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடு. கால்நடைக்கென்று மாற்றிய வண்டியில் வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்பதும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. மறுபடி தேங்காய் மட்டை ஏற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்.

நடத்தியே கூட்டிப்போகலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் 2001-ல் விதி வந்துவிட்டது. மாட்டை ஒரு நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடத்தக்கூடாது. அப்பா "ரெண்டு ராத்திரி" என்று சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அவர் எந்த விதியும் படித்ததில்லை. ஆனால் இன்றைய சாலையில், இன்றைய லாரி வேகத்தில், இரவில் மாட்டை நடத்த நான் யாரையும் சொல்ல மாட்டேன். 2005-ல் வந்த டாடா ஏஸை நாம் குட்டி யானை என்று பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். வாடிவாசலுக்குப் போகும் காளைகூட இன்று அதில் ஏறித்தான் போகிறது. வண்டி வேண்டாம் என்பது என் பேச்சில்லை. வண்டி, ஏறுகிற உயிருக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்பதுதான்.

இதை எழுதி முடித்து மாப்பிள்ளைக்கு முதலில் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். நேற்று மாலை பட்டறையிலிருந்து படம் வந்தது. தளத்தில் வேலம்பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவே இரண்டு தடுப்புக்கு அளவு போட்டுச் சாக்பீசில் கோடு கிழித்திருக்கிறது. ஓரமாக ஒன்பதடிப் பலகை சாத்தி வைத்திருக்கிறது. "சார், மூணு மாடுதான். அளந்துட்டேன்" என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார். பரீட்சையில் இவர் கணக்கில் என்ன வாங்கினார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இன்று காலை மாப்பிள்ளை போன் செய்தான். "மாமா, தாத்தா கதைய எங்கம்மாகூட எனக்குச் சொன்னதில்லையே" என்றான். அவளும் அந்தப் புளியமரத்தடியில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவள்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. வரலாறு இப்படியும் தொலையும் என்று அவனிடம் சொன்னேன்.

உங்கள் ஊரில் மாடு ஏற்றிய, ஓட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நல்லது நடந்ததை மட்டும் எழுத வேண்டாம். விழுந்ததையும் எழுதுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்